இருபத்தேழாவது ஆணி

லீனாவின் விரல்கள் முதலில் நெற்றியைத் தொட்டன. பிறகு புருவம், கன்னம், மூக்கு நுனி. அங்கிருந்து திரும்பவும் நெற்றிக்கே போய், எதையோ தேடின.

மேசையில் இருந்தது எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் தலை. வெள்ளை பிளாஸ்டரில் வார்த்தது. ஒஸ்லோவில், அம்மருட் அடுக்குமாடியின் ஒன்பதாம் மாடியில், ஈஸ்டர் முடிந்து வந்த செவ்வாய்க்கிழமை காலை அது. நெஞ்சுச்சளிக்காக ஆஸ்பத்திரியில் ஒரு கிழமை கிடந்துவிட்டு லீனா அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தார். கழுத்துச் சால்வையைக்கூட அவிழ்க்கவில்லை. கண் தெரியாது, ஆனாலும் நேரே அந்தத் தலையிடம்தான் போனார்.

“இது ஆர்?” என்று கேட்டார்.

நான் பக்கத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். பாராட்டு வரப்போகிறது என்று நினைப்பு.

“உங்கட தலைதான் லீனா. முகத்திலை இருந்த ஆணியெல்லாத்தையும் கழட்டிப் போட்டன். ஓட்டையளையும் அடைச்சிட்டன்.”

அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

இந்தப் பத்திரிகைத் தொடரில் நான் என்னைப் பற்றி நல்லதாகவே எழுதிவருகிறேனாம். என் வீட்டுக்காரர் மரியதாஸ் ஒவ்வொரு கிழமையும் நக்கலடிக்கிறார். இந்தக் கிழமை அவருக்கு அந்தக் குறை தீரட்டும். ஒரு மனுஷி எண்பது வருஷம் காத்து வைத்திருந்ததை நான் ஒரு மத்தியானத்தில் நாசமாக்கிய கதை இது.

களிமண்ணுக்கு நல்ல போர்வை

நான் அந்த நாட்களில் கொம்மூனின், அதாவது நகரசபையின், வீட்டுப் பராமரிப்பு வேலையில் இருந்தேன். ரொம்மனில் என் வீடு. அங்கிருந்து ரயிலில் மூன்றாவது ஸ்டேஷன் அம்மருட். ஆறு வருஷமாக லீனாவைப் பார்த்தது நான்தான். கால் கழுவி, மாத்திரை கொடுத்து, சூப் சூடாக்கி, கூடவே கதையும் கேட்டேன். அவர் பேசுகிற நோர்வேஜியத்தில் இத்தாலி ராகம் இருக்கும், என்னுடையதில் மன்னார் ராகம். எனக்கு விளங்கினபடி எங்கள் தமிழிலேயே எழுதுகிறேன்.

இத்தாலியில் மார்பிள் வெட்டுகிற ஊர் ஒன்றில் பிறந்தவர். நோர்வே மாலுமி ஒருவரைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தார். பிள்ளைகள் இல்லை, மாலுமியும் போய்விட்டார். வீட்டில் மிச்சம் இருந்தவை இரண்டு பொருட்கள். படுக்கையறை அலுமாரியின் மேல் இந்தத் தலை. பல்கனியில், தார்ப்பாயால் மூடிய ஒரு மார்பிள் கட்டி. அது அவர் ஊர்க் கல். புருஷன் கப்பலில் கொண்டுவந்து கொடுத்தாராம். வேறென்ன சீதனம் கேட்பது என்று சிரிப்பார்.

தலையைச் செய்தவர் அவருடைய அண்ணன் சாந்த்ரோ.

சாந்த்ரோ பதினான்கு வயதில் கல்லுப் பட்டறைக்குப் போனார். கல்லறைகளில் வைக்கிற சம்மனசுகளுக்கு, அந்தத் தேவதூதர்களுக்கு, செட்டை வெட்டுகிற வேலை. ஒரு நாளைக்கு இரண்டு சிறகு. வீட்டுக்கு வந்தால் கோழியைப் பார்க்கவே பிடிக்காதாம். மிச்ச நேரத்தில் சவுக்காரத்தில் முகம் செதுக்குவார். அம்மா அந்த முகங்களால்தான் உடுப்புத் தோய்த்தார். எப்படியோ ஒரு வாத்தியார் கண்ணில் பட்டு, நகரத்துக் கலைக் கல்லூரிக்குப் போனார். இரண்டு வருஷம் போவதற்குள் உலக யுத்தச் சண்டை வந்து கல்லூரியைப் பூட்டிவிட்டார்கள். திரும்பி வந்தபோது ஊரில் கல்லும் இல்லை, வேலையும் இல்லை. களிமண் மட்டும் சும்மா கிடைத்தது. மாதிரிக்கு உட்காரச் சும்மா கிடைத்தது தங்கச்சி.

“அந்தக் குளிருக்குக் களிமண் இறுகிப் போகும். கமக்கட்டுக்குள்ளை வைச்சுச் சூடாக்கிப்போட்டுத்தான் தொடங்குவான்” என்பார் லீனா. “வேலை முடிஞ்சால் ஈரத்துணியாலை அந்தத் தலையைச் சுத்திச் சுத்திப் போத்துவான். எனக்கு ஒரு கிழிஞ்ச போர்வை. களிமண் பிள்ளைக்கு நல்ல போர்வை. எனக்கு அவளிலை சரியான எரிச்சல்.”

“ஒழுங்காய் இருந்தனீங்களே?”

“எங்கை? ஒரு நிமிஷம் இருக்கமாட்டன். ‘அசையாமல் இரு லீனா, அசையாமல் இரு லீனா.’ அவன்ரை குரல் எண்டால் எனக்கு இப்பவும் அதுதான்.”

இவ்வளவும் சொல்வார். சாவைப் பற்றி மட்டும் ஒரே வரி. “சண்டையிலை செத்தவன். இருபத்தொரு வயசு.” அதோடு சூப்பைக் கேட்பார்.

நானும் கேட்டதில்லை. எங்கள் ஆட்களுக்குள் இது எழுதாத சட்டம். சண்டையில் செத்தவரைப் பற்றி அந்த வீட்டு ஆட்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்வோம். வாயைக் கிளறமாட்டோம். கிளறினால் நம்முடைய வீட்டுக் கதையையும் சொல்ல வேண்டி வரும் என்ற பயமும் அதற்குள் இருக்கிறது. எனக்கும் ஓர் அண்ணன் இருந்தான். அவ்வளவுதான் இங்கே எழுதமுடியும்.

லீனாவுக்கு ஒரே ஓர் ஆசை. அண்ணன் கல்லில் வெட்ட நினைத்த அந்தத் தலையை, கல்லாக ஒருதரம் தடவிப் பார்த்துவிட்டுச் சாக வேண்டும். பல வருஷம் ஆள் கிடைக்கவில்லை. கடைசியில் மார்க்கோ என்று ஓர் இத்தாலிப் பொடியன் அகப்பட்டான். ஒஸ்லோவில் பழைய கட்டடங்களின் கல்வேலையைத் திருத்துகிறவன். ஈஸ்டர் முடிந்த வியாழக்கிழமை வந்து பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தான். லீனா அந்த நாளைத் தினம் தினம் எனக்கு ஞாபகப்படுத்தினார்.

அதற்குள்தான் நெஞ்சுச்சளி வந்தது.

ஆணி கழற்றும் குடும்பம்

அந்தத் தலையின் முகமெல்லாம் ஆணி. நெற்றியில், புருவத்தில், கன்னத்தில், உதட்டோரத்தில், தாடையில். சின்னச் சின்ன இரும்பு ஆணிகள், துருப்பிடித்தவை. சில இடங்களில் துரு கீழே ஒழுகிக் கோடு விழுந்திருந்தது.

வீட்டில் போய்ச் சொன்னபோது மரியதாஸ், “செய்வினை கிய்வினையாய் இருக்கும், நீ கையை வையாதை” என்றார்.

“பூசைக்குப் போற வேதக்காரன் கதைக்கிற கதையே இது?” என்று அவர் வாயை அடைத்தேன்.

என் மனதில் வேறொன்று ஓடியது. மன்னாரில் எங்கள் கடற்கரைச் சிற்றாலயத்தில் மாதாவின் சுரூபம் ஒன்று இருந்தது. ஆட்கள் எல்லோரும் ஓடிவிட்டு ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது மாதாவின் முகத்தில் ஒன்பது வெடித் துளை. யாரோ துவக்கால் குறி பார்த்துப் பழகியிருக்கிறார்கள். என்னைப் பெற்ற ஐயா சன்னங்களைக் கத்தியால் நெம்பி எடுத்து, சீமெந்து அப்பி, வெள்ளை அடித்தார். ஆக, சண்டைக்காலத்துச் சிலை ஒன்றின் முகத்தில் இரும்பு ஏறியிருந்தால் அதை யார் ஏற்றியிருப்பார்கள்? எனக்கு அதில் சந்தேகமே வரவில்லை. அண்ணனைக் கொன்றவர்கள் தங்கச்சியின் முகத்தையும் விடவில்லை என்று முடிவு கட்டிவிட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெரிய வெள்ளிக்கிழமை பாடுபட்ட சுரூபத்தைச் சிலுவையிலிருந்து இறக்கும்போது ஆணி கழற்றுவது எங்கள் ஊரில் எங்கள் குடும்பத்துக்கு உரிய வேலை. ஐயா ஏணியில் ஏறி, சின்னக் குறட்டால் கையாணி இரண்டையும் காலாணியையும் இழுப்பார். கீழே வெள்ளைத்துணி விரித்துப் பிடிப்பது நான். ஆணி துணியில் விழுகிற சத்தம் வெளியே கேட்கக்கூடாது. கழற்றிய ஆணியை நிலத்தில் போடக்கூடாது, எறியவும் கூடாது. ஏணியில் ஏறப் பொம்பிளைப் பிள்ளைக்கு உரிமையில்லை. எனக்கு அது பெரிய மனக்குறை.

அந்த வருஷம் பெரிய வெள்ளியன்று லீனா ஆஸ்பத்திரியில். வீட்டைத் துப்பரவாக்கி வைக்கும்படி எனக்கு வேலை போட்டிருந்தார்கள். ஒஸ்லோவில் பாதிப்பேர் ஈஸ்டர் வழக்கப்படி தோடம்பழத்தையும் சொக்லேட்டையும் கட்டிக்கொண்டு மலைக்குப் போய்விட்டார்கள். அடுக்குமாடியில் ஒரு குழந்தை அழுகிற சத்தம்கூட இல்லை. வெளியே தெருவோரத்தில் ஊத்தைப் பனி உருகிக்கொண்டிருந்தது.

அலுமாரியைத் துடைக்கத் தலையை இறக்கினேன். மடியில் வைத்துப் பார்த்தேன். வியாழக்கிழமை கல்லுக்காரன் வருவான். ஆணியோடா இந்தப் பிள்ளையைக் காட்டுவது? ஆணியோடா கல்லில் வெட்டுவான்? மணி மூன்று ஆகப்போனது. ஊரிலும் அந்த நேரத்தில்தான் இறக்குவார்கள்.

மாலுமியின் பெட்டியில் ஒரு சின்னக் குறடு இருந்தது. லீனாவின் தலையணை உறை ஒன்றை, வெள்ளையாகப் பார்த்து, விரித்தேன்.

என் கை இந்த வேலைக்குப் பழகிய கை. வட நோர்வேயில், பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலையில் ஏழு வருஷம், வெளிச்ச மேசையில் மீன் துண்டுக்குள் முள் தேடி இழுத்தவள் நான். சதை கிழியாமல், முள் வளர்ந்த சாய்வுக்கே இழுக்க வேண்டும். அதேபோல இழுத்தேன். ஒரு சில்லுகூட உடையவில்லை. செபம் சொல்லிக்கொண்டே இழுத்தேன், அழுதுகொண்டும் இழுத்தேன். காதுக்குப் பின்னால் ஒன்று மட்டும் கோணலாக, ஆழமாக ஏறியிருந்தது. அதைச் சுற்றிப் பிளாஸ்டர் வெடித்திருந்தது. அதோடு மல்லுக்கட்டியதில் உள்ளங்கை சிவந்துவிட்டது.

மொத்தம் இருபத்தேழு.

சுவரில் ஆணி ஓட்டை அடைக்கிற ஸ்பார்க்கல் பசை குசினி அலுமாரித் தட்டில் இருந்தது. எல்லா ஓட்டையையும் அடைத்தேன். காய்ந்ததும் சாண்ட்பேப்பரால் தேய்த்தேன். துருக் கோடுகளையும் தேய்த்தேன். கன்னம் பளிங்குபோல வந்தது. ஐயா இருந்திருந்தால் காட்டியிருப்பேன் என்று நினைத்தேன். அவ்வளவு பெருமை எனக்கு.

நீ கேட்பாய் என்று

திரும்ப அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

“எத்தினை?” என்றார் லீனா.

“இருபத்தேழு.”

“எறிஞ்சிட்டியோ?”

“இல்லை. நாங்கள் எறியிறேல்லை.”

தலையணை உறையைக் கொண்டுவந்து மடியில் வைத்தேன். ஆணிகளை ஒவ்வொன்றாகத் தடவினார். பிறகு மெதுவாக, கோபமே இல்லாமல் சொன்னார். கோபப்பட்டிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

களிமண்ணில் செய்ததைப் பிளாஸ்டரில் வார்ப்பார்கள். கல்லில் ஏற்றுவதற்கு முன் முகத்தின் மேடுகளிலும் குழிகளிலும் அடையாளமாக ஆணி வைப்பார்கள். ஓர் ஆணிக்கும் அடுத்த ஆணிக்கும் உள்ள தூரத்தை அளந்து, கல்லிலும் அதே தூரத்தில், அதே ஆழத்துக்குத் தோண்டுவார்கள். சிற்பிகள் வழக்கமாகச் செய்கிற வேலைதான். எதிரி அடித்த ஆணி என்று நான் அழுதழுது பிடுங்கியது அண்ணன் தன் கையால் வைத்த ஆணி.

“சண்டைக்குள்ளை ஆணிக்கு எங்கை போறது? அப்பாவின்ரை சப்பாத்து அடியிலை இருந்து கழட்டினவன். ஒரு ஆணி வைக்கமுந்தி என்ரை முகத்திலை அந்த இடத்தைத் தொடுவான். பிறகு அவளிலை வைப்பான். அவன் கடைசியாச் செய்த வேலை அதுதான்.”

லீனா உறையை மடித்து ஆணிகளை மூடினார்.

“நீ ஏன் என்னட்டைக் கேக்கேல்லை றீற்றா?”

“சண்டையிலை செத்த ஆக்களைப் பற்றி நாங்கள் கேக்கிறேல்லை லீனா.”

“ஆறு வருஷமாய் நீ கேப்பாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்” என்றார். “உங்கடை ஊரிலையும் சண்டை. உனக்குத்தான் சொல்லலாம் எண்டு இருந்தனான்.”

பிறகு, “நாளைக்கு வேறை ஆரையும் அனுப்பச் சொல்லு” என்றார்.

வீட்டுக்கு வந்து மரியதாஸிடம் சொன்னேன். நான் அப்போதே சொன்னேனே என்று தொடங்கப்போகிறார் என்று பயந்தேன். அவரோ தேத்தண்ணி போட்டுத் தந்தார். அது இன்னும் மோசமாக இருந்தது.

வெள்ளைக்குள் வேறு வெள்ளை

வியாழக்கிழமை எனக்கு வேலையில்லை. இருந்தும் போனேன். பட்ட அவமானம் போதாதா என்று மனசு கேட்டது. போகாமல் இருக்க முடியவில்லை.

மார்க்கோ எனக்கு முந்தியே வந்து தலையை ஜன்னல் பக்கம் வைத்திருந்தான். முப்பது வயது இருக்கும். நகக்கண்ணெல்லாம் கல்லுத்தூள். நான் வாசலில் நின்றே நடந்ததைச் சொன்னேன். “நான்தான் செய்தது. இவவிலை பிழையில்லை.”

லீனா முகத்தைத் திருப்பவில்லை. போகவும் சொல்லவில்லை.

மார்க்கோ ஒரு டோர்ச்சைப் பக்கவாட்டாகப் பிடித்து முகத்தைப் பார்த்தான். “உங்கட பசை கொஞ்சம் நீல வெள்ளை. இது பழைய வெள்ளை. ஓட்டையெல்லாம் தெரியுது” என்றான். எனக்கு மூச்சு வந்தது. “ஆனால் தேய்ச்சது தேய்ச்சதுதான். கன்னத்திலை விரலடையாளம் இருந்திருக்கும். அது அழிஞ்சு போட்டுது. அதை ஒருத்தராலும் திருப்பி வைக்கேலாது.”

ஊசியால் பசையை நோண்டி, ஓட்டைக்கு ஓட்டை ஆணியை வைக்கத் தொடங்கினான். இரண்டாவது ஆணியில் லீனா கையைத் தூக்கினார். எண்பத்தெட்டு வயதுத் தன் முகத்தில், தொங்கிப்போன கன்னத்தின் மேல், ஒரு விரலை வைத்தார். “அடுத்தது இஞ்சை.” அங்கேதான் இருந்தது. பிறகு மேலுதட்டில் ஒரு விரல். “இஞ்சை.” அங்கேயும் இருந்தது. ஒரு தடவையும் பிழைக்கவில்லை. நான் வெள்ளைத்துணியிலிருந்து ஆணி எடுத்துக் கொடுத்தேன். ஐயாவுக்குச் செய்த வேலையின் மறுபக்கம்.

இருபத்தாறு முடிந்தது. மார்க்கோ தலையைத் திருப்பி, காதுக்குப் பின்னால் இருந்த வெடிப்பைப் பார்த்தான்.

“இது என்ன? இந்த இடத்திலை அளவெடுக்க ஒண்டும் இல்லை. ஆணியைக் கோணலாய் ஏத்திப் பிளாஸ்டரையும் உடைச்சிருக்கு. இதை அடிச்சது சிற்பி இல்லை.”

“ஓம்” என்றார் லீனா. “சின்னப்பிள்ளை.”

அந்த அறையில் அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்.

“இருபத்தேழு ஆணி கழட்டி வைச்சிருந்தவன். இருபத்தாறு வைச்சு முடிஞ்சுது. எனக்கு இருந்து இருந்து அலுத்துப்போச்சு. அவன் என்னோடை விளையாட வேணும் எண்டு கடைசி ஆணியை எடுத்து வாய்க்குள்ளை, நாக்குக்குக் கீழை ஒளிச்சிட்டன். நிலமெல்லாம் தேடினான். என்ரை சட்டைப் பையைப் பார்த்தான். எடுத்தனியோ எண்டு கேட்டான். வாய் திறக்கேலாது, இல்லையெண்டு தலையை ஆட்டினன். சிரிச்சான். ‘சப்பாத்துக்காரரிட்டை ஒண்டு வாங்கியாறன், அசையாமல் இரு’ எண்டுபோட்டுப் போனான்.”

தெருமுனையில் சிப்பாய்களின் சுற்றிவளைப்பு. இந்தச் சொல்லை நம் வாசகருக்கு விளக்கத் தேவையில்லை. அகப்பட்ட ஆம்பிளைகளையெல்லாம் லொறியில் ஏற்றினார்கள். அடுத்த நாள் காலை, சாந்த்ரோ செட்டை வெட்டிய அதே பட்டறையின் மதிலில் வைத்துச் சுட்டார்கள்.

“நான் அசையேல்லை. இருட்டும்வரைக்கும் அந்தக் கதிரையிலை இருந்தனான். ஆணியும் வாய்க்குள்ளை. அந்த ஒரு நாள்தான் நான் அசையாமல் இருந்தது. அவனைக் கிடங்கு வெட்டித் தாட்ட பிறகு, அம்மா காணாத இடமாப் பாத்து, அவளின்ரை காதுக்குப் பின்னாலை அதைக் கல்லாலை அடிச்சனான்.”

மார்க்கோ எதையும் பார்க்காமல் கைகளைத் துடைத்தான். என் துணியில் அந்த ஓர் ஆணி மட்டும் கிடந்தது. மற்றவற்றைவிடத் துரு கூடியது.

கல் முடிய இலையுதிர்காலம் ஆகும் என்று மார்க்கோ சொன்னான். ஆனது. ஆனால் லீனாவுக்கு இலையுதிர்காலம் கிடைக்கவில்லை. ஆகஸ்டில் அவரைப் புதைத்தோம். அந்தக் கல்லை அவர் தொடவேயில்லை. ஈஸ்டர் முடிந்த கையோடு வேலை தொடங்கியிருக்கலாம், நான் கழற்றிய ஆணிகளை ஆடாமல் இறுக்கி, நான் இழுத்ததில் பெருத்த வெடிப்பை ஒட்டி, எல்லாவற்றையும் சரிபார்க்க மூன்று கிழமை போனது. அந்த மூன்று கிழமை போதுமாயிருந்திருக்குமா என்று நான் இன்னும் கணக்குப் பார்க்கிறேன்.

ஆனால் அந்த வியாழக்கிழமை இது ஒன்றும் எங்களுக்குத் தெரியாது. மார்க்கோ அளவுகோலை எடுத்துக்கொண்டு, “இந்தக் கடைசி ஆணியையும் வைக்கட்டோ?” என்று கேட்டான்.

லீனா என் பக்கம் கையை நீட்டினார். செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு முதல்தரம். ஆணியை உள்ளங்கையில் வைத்தேன். சேலையில் ஊசி குத்துமுன் நாம் வாயில் வைப்போமே, அப்படிச் சாதாரணமாக, அதை எடுத்து வாய்க்குள் போட்டு உதட்டை மூடிக்கொண்டார்.

“லீனா, விழுங்கிப் போடுவியள்” என்றேன்.

இல்லையென்று தலையை ஆட்டினார். கைகளை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மார்க்கோ அளந்தான். எழுதினான். திரும்ப அளந்தான். லீனா அசையவில்லை. ஜன்னலில் வெளிச்சம் மாறிப்போனது. அவன் கருவிகளைக் கட்டி, மெதுவாகக் கதவைச் சாத்திக்கொண்டு போனான். அப்போதும் அவர் அசையவில்லை. முகம் மட்டும் கதவுச் சத்தம் வந்த பக்கம் திரும்பியிருந்தது.

நான் வெள்ளைத்துணியை விரித்து அவர் வாய்க்கு நேரே, நாடிக்குக் கீழே பிடித்தேன். கை உளைந்தது. “தாங்கோ லீனா” என்றேன். இரண்டுதரம் சொன்னேன். அதன்பிறகு, இந்த ஆறு வருஷத்தில் கேட்காததைக் கேட்டேன். “அண்ணன் எப்பிடி இருப்பார்? உங்களை மாதிரியோ?”

அறை இருண்ட பிறகுதான் அவர் வாயைத் திறந்தார். ஆணி துணியில் விழுந்தது, சத்தம் வரவில்லை. தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தது.